தண்ணீரில் செம்பு

ஏழு மணிக்குத் தொட்டியின் விளக்கு தானாக எரிந்தது.

முத்துக்குமார் வாயில் பிரஷ்ஷோடு கூடத்துக்கு வந்தான். தறிக்கும் சாமி அலமாரிக்கும் நடுவே அந்த மூன்றடிக் கண்ணாடித் தொட்டி. நீல வெளிச்சத்தில் உப்புத் தண்ணீர் மெல்ல அசைந்தது. மீன் பாறையின் அடியில் கிடந்தது. நேற்று கிடந்த அதே இடத்தில்.

கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். உடம்பெல்லாம் ஆனந்தா நீலம். அதன்மேல் ஆரஞ்சு வரிகள், பிள்ளைகள் கிறுக்கியது போல வளைந்து வளைந்து. கன்னத்தில் பச்சை. கடலில் பவளப்பாறை இடுக்குகளில் வாழும் மீன். கொளத்தூர்க் கடையில் அதன் பெயர் மாண்டரின். இந்த வீட்டில் அது 'எளவரசி மீனு'.

வயிறு உள்ளே ஒட்டியிருந்தது.

முத்துக்குமார் மீனைப் பார்த்தான். மணலைப் பார்த்தான். பாறையின் இடது ஓரத்தை மட்டும் பார்க்கவில்லை.

"எப்டிப்பா இருக்குது?" அடுக்களையிலிருந்து அம்மா கேட்டாள்.

"இருக்குது."

"இன்னைக்கின்னு பாத்து ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடப் போவுது. சம்மந்தி வர்ற நாளு."

தங்கை இளவரசிக்கு நிச்சயமான மாப்பிள்ளையின் தாயார் புவனேஸ்வரி செய்யாற்றிலிருந்து வருகிறார். முகூர்த்தப் புடவையை எடுத்துப் போக. அதை மாப்பிள்ளை வீட்டார் கடையில் எடுப்பதுதான் வழக்கம். ஆனால் பட்டு நெசவுக்குப் பேர்போன பிள்ளையார்பாளையத்தில், அதுவும் மாணிக்கவாசகம் வீட்டில் பெண் எடுக்கிறவர்கள் வேறு கடைப்படி ஏறுவார்களா? சம்மந்தி கையால் நெய்து கொடுத்தால் போதும் என்று நிச்சயத்தன்றே சொல்லிவிட்டார்கள்.

அப்பா மாணிக்கவாசகம் புரட்டாசி முழுக்க அதை நெய்தார். வேறு யாரையும் தறியில் உட்கார விடவில்லை. மகள் கொளத்தூரிலிருந்து மீனை வாங்கி வந்த முதல் நாள், தொட்டிக்கு முன்னால் முக்காலியைப் போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "இந்தச் சாயத்த எவன்டா போட்டான்?" என்றார். மறுநாள் சாயப்பட்டறைக்குப் போய் அதே நீலம் கேட்டார். அதே ஆரஞ்சு கேட்டார். முந்தியில் பூவும் இல்லை, அன்னமும் இல்லை. மீனின் மேல் இருந்த வரிகளையே ஜரிகையில் ஓட விட்டார்.

அந்த ஜரிகை அசல் இல்லை. வீட்டில் இது தெரிந்தவன் முத்துக்குமார் ஒருவன்.

மாணிக்கவாசகத்துக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தபோது சரக்கு வாங்கும் பொறுப்பு மகன் கைக்கு வந்தது. வெள்ளி விலை ஏறிக்கொண்டே போன சமயமும் அதுதான். ஒரே ஒரு பாவுக்கு மட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முதல் போலி ஜரிகைக் கண்டை வாங்கினான். செம்புக் கம்பி, மேலே தங்க நிறம். கடைக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. அப்பாவும் கண்டுபிடிக்கவில்லை. மகன் வாங்கி வந்ததை உரசிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

தங்கையின் புடவைக்காவது நல்லது வாங்கியிருக்கலாம். வாங்கினால் பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம் அப்பாவின் விரலுக்குத் தெரிந்துவிடும். அதனால் தங்கைக்கும் அதையே கொடுத்தான்.

இது ஒன்று. இன்னொன்று பாறையின் இடது ஓரத்தில் இருந்தது.

பாறையில் வைத்திருந்த பவளத் துண்டு ஒன்று ஒருநாள் உருண்டு மணலில் விழுந்துவிட்டது. இளவரசி வேலைக்குப் போயிருந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்குக் காலை ஷிப்ட். அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு, தோள் வரை கையை விட்டு, பவளத்தைப் பாறையோடு சேர்த்துக் கட்டினார். இழை அறுந்தால் நெசவாளி போடும் முடிச்சு. கண்ணுக்கே தெரியாது.

"பட்டு நூலுன்னா ஊறி நெகிழ்ந்துடும். சாய நூலு சாயம் வுடும். ஜரிகைதான் நிக்கும்," என்றார் தண்ணீர் சொட்டச் சொட்ட. "எத்தினி வருசம் ஆனாலும் ஒண்ணும் ஆவாது."

முத்துக்குமார் பக்கத்தில்தான் துண்டோடு நின்றிருந்தான். மீன் வாங்கிய அன்று கடைக்கார டேனியல் சொன்னது அவன் காதில் இருந்தது. செம்பு மட்டும் கிட்ட வரக்கூடாது. வேணாம் நைனா என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று அப்பா கேட்பார்.

துண்டை நீட்டினான்.

* * *

இளவரசி குளித்துக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. அம்மா காமாட்சியம்மாள் கரண்டியோடு வந்து எடுத்தாள்.

"டேனியலாப்பா? அவ தலைக்கு ஊத்திக்கினு இருக்குறா. சொல்லு... ஆமா, நேத்து வீடியோ அனுப்பிச்சா... இன்னாது? செம்பா?"

முத்துக்குமார் தறிப் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்பா தறியை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, புடவையை மடித்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இருப்பா, பாக்கறன்." அம்மா தொட்டிக்குள் குனிந்து பார்த்தாள். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். "ஒண்ணும் காணமேப்பா. தண்ணி மொள்ற செம்பு அடுக்களையில இருக்குது. பூஜை செம்பு சாமிகிட்ட இருக்குது. எங்க ஊட்டுல எந்தச் செம்பும் காணாம போவல."

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது.

"எதுக்குப்பா சிரிக்கிற? முத்து, நீ வா. உள்ள செம்பு ஏதாச்சும் வுழுந்து கெடக்குதா பாரு. எனக்குக் கண்ணு தெரியல."

அவன் நகரவில்லை.

ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு இளவரசி வந்தாள். போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணா, சொல்லுங்க."

"அம்மாகிட்ட பாத்திரம்னு நெனைக்காதீங்கன்னு சொல்லும்மா. நான் சொன்னது காப்பர்." டேனியலின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "நத்தைங்க எல்லாம் செத்துப்போச்சுன்ன. பாறையில பொடிப் பொடியா ஓடுமே பூச்சி, அது இருக்குதா?"

"இல்லண்ணா. ஒரு வாரமா கண்ணுல படல."

"அதாம்மா. செம்பு எறங்கினா மொதல்ல அதுங்கதான் போவும். மீனு தாங்கும். ஆனா உன் மீனு அந்தப் பூச்சியத்தான் திங்கும், வேற எது போட்டாலும் தொடாது. நோவு ஒண்ணும் இல்ல அதுக்கு. பட்டினி."

பம்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"மொதல்ல மீன வேற உப்புத்தண்ணிக்கு மாத்து. உயிரோட பூச்சி நான் பஸ்ல அனுப்பறன், சாயங்காலம் வந்துடும். அதுக்குள்ள செம்பு எங்கேந்து வருதுன்னு கண்டுபுடி. கண்டுபுடிக்காம திரும்ப அதுல வுட்டா வேஸ்ட்டு."

போனை வைத்துவிட்டு இளவரசி தொட்டியைச் சுற்றி வந்தாள். மோட்டாரைத் தூக்கிப் பார்த்தாள். ஒயரை விரலால் தடவினாள்.

"அம்மா, நீ ஏதாச்சும் செம்புல தண்ணி எடுத்து ஊத்தினியா?"

"நான் அதுல கையே வெக்கறதில்லடி. உப்பு, எண்ணெ, புளின்னா நான் சொல்வேன். கடலெல்லாம் எனக்கு இன்னா தெரியும்?"

இளவரசி குனிந்தாள். "இன்னா இது, பச்சையா?"

பாறையின் இடது ஓரம். பவளம் சுருங்கி, கழுவாத பல் மாதிரி இருந்தது. அதைச் சுற்றியிருந்த கட்டு பச்சை பூத்துக் கிடந்தது.

மாணிக்கவாசகம் எழுந்து வந்தார். கண்ணாடியில் மூக்கு படப் பார்த்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"அது நான் கட்டினது," என்றார்.

"எதுல நைனா?"

"ஜரிகைல." தொண்டையைச் செருமினார். "வெறும் வெள்ளிய அவ்ளோ மெலிசா இழுக்க முடியாது. நல்ல ஜரிகையிலயும் கொஞ்சம் செம்பு சேப்பாங்க. எனக்குத் தெரிஞ்ச விசயம்தான். யோசிக்கல."

முத்துக்குமாருக்கு முன்னால் ஒரு கதவு திறந்தது. அவன் தள்ளவே இல்லை. அப்பாவே திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆமா நைனா," என்றான். "நல்ல ஜரிகையிலயும் செம்பு இருக்குதே."

'நல்ல' என்ற சொல் தேவைக்கு மேல் அழுத்தமாக வந்தது. அது தன் காதிலேயே விழுந்தபோது முகம் சூடானது.

மாணிக்கவாசகம் மகளைப் பார்த்தார். "தப்பு என்னுதும்மா."

அடுக்களை வாசலில் அம்மாவின் கரண்டி நின்றது. இத்தனை வருடத்தில் இந்த வீட்டில் அந்த வாயிலிருந்து யாரும் கேட்காத சொல். கடைக்காரனோடு சண்டை வந்தாலும், கூட்டாளியோடு மனஸ்தாபம் வந்தாலும், "உரசிப் பாத்து எடுத்துக்கினு போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போகிற மனிதர்.

"வுடு நைனா," என்றாள் இளவரசி. "நீ இன்னா தெரிஞ்சா பண்ண?"

முத்துக்குமார் பக்கெட் எடுக்கப் பின்கட்டுக்குப் போனான்.

* * *

உப்பு கரைக்கும் வேலையை அண்ணனும் தங்கையும் சேர்ந்து செய்தார்கள். அவன் கலக்கினான். அவள் அளந்து பார்த்தாள்.

"நீயும் அன்னைக்கிக் கடைக்கு வந்தியேண்ணா," என்றாள், தண்ணீரைப் பார்த்தபடியே. "செம்பு கிட்டவே வரக்கூடாதுன்னு டேனியலண்ணன் சொன்னாரு இல்ல?"

"சொன்னாரா?"

"நீதான் வண்டியில வர்றப்ப எனக்கே ஞாபகப்படுத்தின."

அவன் வேகமாகக் கலக்கினான்.

"நைனா கட்டசொல்ல நீ ஊட்லதான இருந்த?"

"மறந்துட்டன்."

"நீயா?"

பத்து வருடம் முன்பு நெய்த புடவைக்குக்கூடக் கரை நிறம் சொல்கிறவன் அவன். அது அவளுக்குத் தெரியும்.

"கல்யாண வேலையில தலைக்கு மேல கெடக்குது எளவரசி. மறந்துட்டன்னா மறந்துட்டன்தான்."

அவள் மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்று அவனுக்கு இருந்தது. "செரிண்ணா, நீ அலையற அலைச்சலு எனக்குத் தெரியாதா?" என்றாள். அவன் கையிலிருந்த குச்சியை வாங்கிக்கொண்டாள். "போய் ஒரு வாய் காப்பி குடி. மூஞ்சி செத்துக் கெடக்குது."

பிளாஸ்டிக் மக்கைத் தண்ணீருக்குள் சாய்த்து மீன் பக்கம் கொண்டுபோனாள். புதிதாக வந்தபோது விரல் நிழல் பட்டாலே பாறைக்குள் ஓடிவிடும். இப்போது ஓடவில்லை. தானாகவே மக்குக்குள் சரிந்தது.

"இந்தா, வந்துடு," என்றாள் மீனிடம். "செய்யாத்துக்கு என்கூட வரேன்னு சொன்ன இல்ல? இப்டி பாதியில வுட்டுட்டுப் போனா எப்டி?"

மக்கை மெல்லப் பக்கெட்டில் இறக்கினாள்.

பாறை வெளியே வந்தது. மாணிக்கவாசகம் அதை மடியில் வைத்துக்கொண்டு கட்டை அவிழ்க்கத் தொடங்கினார். கத்தரிக்கோலால் ஒரு வெட்டு வெட்டினால் முடிந்தது. இழையை வெட்டி அவருக்குப் பழக்கம் இல்லை. நகத்தால் நிமிண்டி நிமிண்டி முடிச்சைப் பிரித்தார்.

முத்துக்குமார் கையை நீட்டினான். "குடு நைனா. குப்பையில போட்டுர்றன்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"ஜரிகைய எவனாச்சும் குப்பையில போடுவானாடா?"

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. இந்தத் தெருவில் பிறந்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். தறியில் அறுந்து விழும் ஜரிகைத் துணுக்கை, கோதுமை மணி அளவாக இருந்தாலும், பொறுக்கி டப்பாவில் போடுவார்கள். டப்பா நிறைந்தால் உருக்கக் கொடுப்பார்கள். வெள்ளி வரும். அப்பாவின் டப்பா அலமாரியில் சாமிப் படத்துக்குக் கீழே இருந்தது. பழைய பால்பவுடர் டப்பா. இந்த வருடம் முழுக்க அவர் ஒவ்வொரு துணுக்காக அதில் சேர்த்து வந்ததை முத்துக்குமார் பார்த்துக்கொண்டே இருந்தான். அடிப் பாதி வெள்ளி. மேல் பாதி செம்பு.

"கல்யாணம் முடிஞ்சதும் உருக்கக் குடுத்துட்டு, அதுல எளவரசிக்குக் குங்குமச்சிமிழ் ஒண்ணு பண்ணிடலாம்," என்றார் அப்பா. "இதையும் கழுவிச் சேத்துடறன். அவ மீனு குடுத்த சீரா இருக்கட்டும்."

சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. இழையை உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தார்.

முத்துக்குமாரும் பின்னாலேயே போனான். அடுக்களைக் கதவுக்கு அப்பால் கால் போகவில்லை. அங்கேயே நின்றான்.

லேசான தூறல். அப்பா துணி துவைக்கும் கல்லின் பக்கத்தில் குந்தினார். செம்பில் தண்ணீர் மொண்டு இழையின்மேல் ஊற்றினார். பச்சை போகவில்லை. கல்லில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தார்.

பிறகு கை நின்றது.

இழையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஆபரேஷன் ஆன கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். நகத்தால் கம்பிச் சுற்றைக் கிள்ளி, உள்ளே இருந்த நூலை வெளியே இழுத்தார்.

நல்ல ஜரிகையைக் கல்லில் தேய்த்தால் வெள்ளி தெரியும். கம்பிக்குள்ளே சிவப்புப் பட்டு இழை இருக்கும். கதவோரம் நின்றிருந்தவனுக்கு அத்தனை தூரத்திலிருந்தும் தெரிந்தது. வெளுக்க வேண்டியது சிவந்திருந்தது. சிவக்க வேண்டியது வெளுத்திருந்தது.

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. கூப்பிடவில்லை. தூறலில் தலை நனைய உட்கார்ந்தே இருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று முத்துக்குமார் நினைத்தான். எழுந்து வந்து ஓர் அறை விட்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

அவர் எழுந்தார். இழையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மகனைத் தாண்டி உள்ளே போனார். அவன் ஒதுங்கி வழிவிட்டான். வழியில் ஒரு தூண் இருந்திருந்தாலும் அப்படித்தான் தாண்டிப் போயிருப்பார்.

டப்பா இருந்த அலமாரிப் பக்கம் போகவில்லை.

வாசலில் கார் வந்து நின்றது.

* * *

புவனேஸ்வரி வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். கையில் பழத்தட்டு.

"மருமவளே, எங்க உன் மீனு? என் புள்ள காசிநாதன் உன் தொட்டி வெக்கறதுக்கு ரூம்ல எடம் ஒழிச்சிட்டான். இப்ப கட்டில எங்க போடறதுன்னு தெரியாம முழிச்சிக்கினு இருக்கறான்."

அம்மா சிரித்தாள். இளவரசி பக்கெட்டைக் காட்டினாள். "ஒடம்பு சரியில்லத்த. ஆஸ்பத்திரியில இருக்குது."

"அடப் பாவமே." குனிந்து பார்த்தார். "இத்துனூண்டு ஒடம்புல இத்தினி கலரா?"

அம்மா புடவைத் தட்டை நீட்டினாள். புவனேஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு, புடவையை எடுத்துப் பாயில் விரித்தார். நீலம் கூடம் முழுக்க ஓடியது. முந்தியில் வரிகள் வளைந்து வளைந்து மின்னின. பக்கெட்டுக்குள் இருந்ததும் பாயில் கிடந்ததும் ஒரே உடம்பு போல இருந்தன.

அவர் கண் கலங்கியிருந்தது.

"இதக் கட்டிக்கினு அவ மணையில உக்காந்தா..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. முந்தியைத் தடவினார். "எங்க அக்கா பொண்ணுக்குப் பெரிய கடையிலதான் எடுத்தாங்க. தலை தீபாவளிக்குள்ள கருத்துப்போச்சு. அந்தப் பொண்ணு இன்னும் சொல்லிச் சொல்லி அழுவுது. கல்யாணப் புடவையாச்சே. உங்க ஊட்டுதுன்னா நான் கண்ண மூடிக்கினு வாங்கிக்கலாம்."

முத்துக்குமார் தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்பா பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தலைமுடி இன்னும் ஈரம்.

"அசலான்னு உங்ககிட்ட கேட்டா சாமி குத்தம்," என்று சிரித்தார் புவனேஸ்வரி. "இல்ல சம்மந்தி?"

உரசிப் பாத்து எடுத்துக்கினு போங்க. இந்த இடத்தில் வர வேண்டிய சொல் அது. அம்மாகூட அதற்காகச் சிரிக்கத் தயாராக இருந்தாள்.

மாணிக்கவாசகம் சட்டைப்பையை ஒருமுறை தொட்டார்.

"கேளுங்கம்மா. கேக்கறதுல குத்தமே இல்ல," என்றார். "ஆனா என்னக் கேக்காதீங்க. நான் நெய்தவன். ஜரிகை வாங்கினது என் பையன்."

பிறகு, காலையிலிருந்து முதல் தடவையாக, மகனின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"முத்து. சம்மந்தியம்மா கேக்கறாங்க பாரு. சொல்லுப்பா."